அறுநூற்று ஐம்பது

"என்ஜினைப் பிரிச்சு அளந்தே ஆகணுமா?" என்று கேட்டாள் நெட்ரா.

"வெர்ல் புகார் எழுதிக் கொடுத்துட்டாரே. என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் பரிசோதகர் டெல்மர்.

அமெரிக்காவின் யூட்டா உப்புவெளியில், 650 சிசிக்கு மேற்படாத பைக்குகளின் பிரிவில், வெர்லின் ஒன்பது வருட வேக சாதனையை நெட்ரா அரை மணி நேரத்துக்கு முன்புதான் முறியடித்திருந்தாள். யாராவது புகார் கொடுத்தால் மட்டுமே பந்தயம் நடத்தும் கிளப்பில் என்ஜினைப் பிரிப்பார்கள்.

"தோத்த வயித்தெரிச்சல்!" நெட்ராவின் தங்கை மார்வா, வெர்ல் காதில் விழும்படியே சொன்னாள்.

வில்லங்கம் பைக்கின் பெயரில் இருந்தது. டேங்கில் 650 என்று எழுதியிருந்தாலும், கம்பெனியிலிருந்து வரும்போது அந்த மாடலின் என்ஜின் 652 சிசி. சிலிண்டரையும் பிஸ்டனையும் சிறியதாக மாற்றி, நெட்ரா அதை 649 ஆக்கியிருந்தாள். ஓட்டிய ஓட்டத்தில் சிலிண்டர் ஒரு தலைமுடி அளவு தேய்ந்திருந்தாலும் 650-ஐத் தாண்டிவிடும். சாதனையும் போய்விடும்.

டெல்மர் ஸ்பானரை எடுத்தார்.

"இருப்பா. முதல்ல நல்லா ஆறட்டும்" என்றார் வெர்ல்.

"பாத்தியாக்கா, வேணும்னே இழுத்தடிக்கிறாரு!"

வெர்ல் பிக்கப் வண்டியின் நிழலில் உட்கார்ந்து ரூட் பீர் சோடா டின் ஒன்றைத் திறந்து குடித்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து டெல்மர் அளந்தார். கணக்குப் போட்டார். அடித்துவிட்டு மறுபடி போட்டார்.

"ஐயா, பெருக்கத் தெரியுமா தெரியாதா?" என்றாள் மார்வா.

"சரிபாக்குறேம்மா... அறுநூத்தி நாப்பத்தொம்போதரை. செல்லும்!"

நெட்ரா அப்படியே உப்புத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மார்வா வெர்லிடம் திரும்பினாள். "இப்ப திருப்தியா?"

"ரொம்ப. சூட்டோட அளந்திருந்தா சிலிண்டர் விரிஞ்சு அளவைக் கூட்டிக் காட்டியிருக்கும். அதான் ஆறச் சொன்னேன்."

"அவ்வளவு நல்லவரு எதுக்குப் புகார் கொடுத்தீங்க?"

வெர்ல் காலி டின்னை நசுக்கினார்.

"என் வண்டியும் இதே மாடல்தாம்மா. நானும் சின்ன சிலிண்டர்தான் போட்டேன். சாதனை பண்ண அன்னைக்கு யாரும் புகார் கொடுக்கல, யாரும் அளக்கல. மறுநாளே என்ஜின் வெடிச்சுச் சிதறிடுச்சு, அப்புறம் அளந்து காட்டவும் வழியில்ல. ஒம்போது வருஷமா பாக்குறவன்லாம், 'உன்னோடது அறுநூத்தி அம்பத்திரெண்டுதானே'ன்னு கண்ணடிக்கிறான். இனிமே உங்க அக்காவை எவனும் அப்படிக் கேக்க முடியாது."