மிஸ்பா வரைந்த சுடிதார்

கையடக்க வீடியோ கேமில் விதவிதமாக உடை வடிவமைப்பதுதான் பத்து வயது மிஸ்பாவுக்குப் பொழுதுபோக்கு. அதில் அவள் வரைந்த பச்சைச் சுடிதாரை, டெய்லரான அம்மா ஃபஹீமாவிடம் காட்டவே இல்லை. எதிர்க்கடை இனியாவிடம் தைக்கக் கொடுத்திருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் ஃபஹீமாவுக்கு வயிறு எரிந்தது. காலையிலிருந்து தேடியும் தன் பழைய சுடிதார் ஒன்று கிடைக்காத கடுப்பு வேறு. விறுவிறுவென்று எதிர்க்கடைக்குள் நுழைந்தாள்.

"ஏனுங்க அம்மணி, பெருநாளுக்கு ஊரே எங்கிட்டத் தைக்குது. எம்புள்ளைக்கு மட்டும் உங்க தையல் ஒசத்தியாப் போச்சுங்களா?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு பாப்பா சத்தியம் வாங்கிப்போட்டாளுங்க."

"எம் மகளுக்குத் தைக்க எனக்குத் தெரியாதா?"

"அவளுக்கு இல்லீங்கக்கா." அளவு பார்க்க மிஸ்பா கொடுத்திருந்த துணியை இனியா எடுத்து வைத்தாள்.

காலையில் தேடிய அதே பழைய சுடிதார்.

"வருசா வருசம் ஊருக்கெல்லாம் தைச்சுப்போட்டு, அம்மா மட்டும் பழசைத்தான் போடுதுன்னு சொன்னாளுங்க."

இனியா தைத்து வைத்திருந்த பச்சைச் சுடிதாரை ஃபஹீமா திருப்பித் தையலைப் பார்த்தாள். பிசிறே இல்லை. மறுபடியும் வயிறு எரிந்தது.

"கையில அரை இஞ்ச் பிடிக்கோணுமுங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.