சாயங்காலக் குருவிகள்

“காலையில நாற்பத்தோரு குருவி. சாயங்காலம் ரெண்டே ரெண்டு. என்ன சார் நடக்குது உங்க வீட்டுல?”

பிசியோதெரபிஸ்ட் கணினித் திரையை அப்பாவின் பக்கம் திருப்பினாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ஒன்பது வயது மகள்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டிலும் சரி, இந்தப் பயிற்சிக்கூடத்திலும் சரி, அவள் பெயர் வாண்டு. வாய் ஓயாத பிள்ளை. இன்றைக்கு வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

வாண்டுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். வலது காலை இழுத்து இழுத்து நடப்பாள். வலது கை எப்போதும் இறுக மூடியே இருக்கும். அந்தக் கைக்காகத்தான் அந்த விளையாட்டுக் கருவி. மேஜைமேல் கையை நீட்டி விரல்களை விரித்தால், திரையில் ஒரு கூண்டு திறந்து குருவி பறக்கும். கையை மட்டும் கவனிக்கிற சின்னக் கேமரா ஒன்று, எத்தனை குருவி, எத்தனை நொடி என்று குறித்து, அன்றன்றைக்கே பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பிவிடும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, மேலதிகாரியோடு மல்லுக்கட்டி அந்தக் கருவியை இவர்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தவள் இந்தப் பிசியோதெரபிஸ்ட்தான். வீடுகளுக்கு அனுப்ப இருப்பது மொத்தமே மூன்று. காத்திருக்கும் பிள்ளைகள் பதினெட்டுப் பேர். முன்னேற்றம் இல்லை என்று தெரிந்தால் கருவி அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். இன்றைக்குள் அவள் முன்னேற்றப் படிவத்தை எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

“முதல் மூணு வாரம் ரெண்டு வேளையும் அழகா ஏறியிருக்கு. அதுக்கப்புறம் பாருங்க. காலையில ஏறுது, சாயங்காலம் அதலபாதாளத்துல போய் விழுது. சேர்த்துப் பார்த்தா ஒரு அடிகூட நகரல. சாயங்காலம் நீங்க பக்கத்துல உட்கார்றதே இல்லையா? வேலைக்குப் போயிடறீங்களா?”

அப்பா ஒரு சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியில் அவர் கத்தரி போகிற வேகத்தைப் பற்றி வாண்டு இங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொள்வாள்.

“இல்ல மேடம். அஞ்சு வாரமா லீவுலதான் இருக்கேன். இவ அம்மா வேலை முடிஞ்சு வர எட்டு மணி ஆயிடும். அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேருதான்.”

“லீவுல இருந்துக்கிட்டா இந்த லட்சணம்?”

“என் தப்புதான் மேடம்.”

“தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? நான் என்ன எழுதறது இதுல?”

“இன்னும் ஒரு மாசம் மட்டும் விட்டு வைங்க மேடம். எடுத்துட்டுப் போயிடாதீங்க.”

பிசியோதெரபிஸ்டுக்கு எரிச்சலாக இருந்தது. இங்கே வந்து இப்படிக் கெஞ்சுகிறவர், வீட்டில் அரைமணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்தால் குறைந்தா போய்விடுவார்?

“வாண்டு, வா. என் கண் முன்னால விளையாடு பார்க்கலாம்.”

வாண்டு பயிற்சிக்கூடத்திலிருந்த கருவியின் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். விரல்கள் தயங்கித் தயங்கி, ஒவ்வொன்றாக விரிந்தன. ஒரு குருவி பறந்தது. இன்னொன்று. பத்து நிமிடத்தில் முப்பத்தெட்டு. இரண்டு மாதத்துக்கு முன்பு இந்தக் கைக்குள் ஒரு பென்சிலைக்கூடச் செருக முடியாது.

“பக்கத்து வீட்டுப் பசங்க யாராவது சாயங்காலம் வந்து விளையாடுறாங்களா?”

“பசங்க விளையாடினா ரெண்டுதான் பறக்குமாக்கா? எழுபது எண்பதுன்னு பறக்க விட்டுருவாங்க.”

“நீ சும்மா இரு கண்ணு,” என்றார் அப்பா.

ஆனால் வாண்டு சொன்னது நியாயம்தான். காலையில் இவ்வளவு நன்றாக விரிகிற கை, சாயங்காலம் மட்டும் கல்லாகிப் போகிறது என்றால்? பிசியோதெரபிஸ்ட் தன் நாற்காலியை அப்பாவின் அருகில் இழுத்துப் போட்டாள்.

“பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க சார். மூளையில புதுசா ஏதோ ஆகுதோன்னு சந்தேகமா இருக்கு. கருவி கிடக்கட்டும், அதை அப்புறம் பார்க்கலாம். நாளைக்கே இவளைச் சேர்த்து, மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்துடணும். டாக்டருக்கு இப்பவே எழுதித் தரேன்.”

மயக்க மருந்து என்றதும் வாண்டு அப்பாவைப் பார்த்தாள். ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்தவள். அன்று முழுக்க வாந்தி.

“பரவாயில்லப்பா, நான் எடுத்துக்கறேன். நீங்க சொல்லாதீங்க.”

பேனா பாதி வரியில் நின்றது. “எதைச் சொல்லக் கூடாது?”

அப்பா எழுந்து, மகளை மெல்ல நகரச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தான் உட்கார்ந்தார்.

“அவளுக்கு ஒண்ணும் இல்ல மேடம். அஞ்சு வாரத்துக்கு முன்னாடி காலையில எந்திரிச்சேன், கை என் பேச்சைக் கேக்கல. கம்பெனியில தெரிஞ்சா வேலை போயிடும்னு சுளுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

தன் வலது கையை இடது கையால் தூக்கி மேஜைமேல் வைத்தார். வாண்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“விரலைப் பார்க்காதீங்கப்பா,” என்றாள், “குருவியைப் பாருங்க.”