வரிசையில் ஒரு பின்னல்

விடியற்காலையில் வெள்ளவத்தை ஒழுங்கையை இராணுவம் சுற்றிவளைத்திருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டுவதற்காகப் பெண்கள் மதிலோரம் வரிசையில் நிற்கிறார்கள். சரோஜினிதேவி தன் அட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு, முன்னால் நிற்கும் பக்கத்து வீட்டுக் கௌரிக்குத் தலை பின்னுகிறாள். எட்டரைக்குக் கௌரிக்குக் கணக்குப் பரீட்சை. கடற்காற்று மயிரைக் கலைக்கக் கலைக்க அந்த விரல்கள் பொறுமையாக அள்ளிச் சேர்க்கின்றன. எதிர்ப்பக்கத்தில் ஒரு பத்திரிகைக்காரர் கமராவை உயர்த்துகிறார். அங்கிருந்து பார்த்தால் குனிந்த தலைகள் மட்டுமே தெரியும். “அன்ரி, நாங்கள் அழுதுகொண்டு நிக்கிறமெண்டு நாளைக்குப் பேப்பரிலை போடப்போறாங்கள்,” என்கிறாள் கௌரி. “போடட்டும். நீ தலையை ஆட்டாதை, பின்னல் கோணப்போகுது,” என்று அட்டையை விடாமலே சொல்கிறாள் சரோஜினிதேவி. கமரா மின்னுகிறது. வரிசை ஓரடி நகர்கிறது. பின்னலை விடாமல் அவளும் நகர்கிறாள்.