அம்பத்தெட்டு கிலோ

“வீட்ல அம்பத்தெட்டு கிலோ தூக்குறேன் மாஸ்டர். பஞ்சு மாதிரி வருது” என்றார் டெய்லர், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

ஜிம் மாஸ்டருக்குச் சிரிப்பு முட்டியது. நாற்பது கிலோ கம்பியை நெஞ்சுவரை ஏற்ற முடியாமல் இப்போதுதான் தொம்மென்று கீழே போட்டிருந்தார் மனுஷர். மூன்று மாதத்துக்கு முன்னால் சேர்ந்த அன்றும் இதே நாற்பதில்தான் திணறினார்.

“இங்க நாப்பதுக்கே நாக்குத் தள்ளுது. யார் காதுல பூ சுத்துறீங்க?”

“சத்தியமா மாஸ்டர். மொதல் மாசம் உயிரே போச்சு. இப்ப அசால்ட்டா தூக்குறேன்.”

மாஸ்டர் அவரை எடை மெஷினில் ஏற்றினார். எண்பத்துமூன்று. சேரும்போது எண்பதாக இருந்தவர்.

“உங்களுக்கு ஒரு நாளைக்கு நூத்தியிருபது கிராம் புரோட்டீன்னு எழுதிக் கொடுத்தேன்ல? கிலோவுக்கு ஒன்றரை கிராம். அது இல்லாம எடையைக் குறைச்சா கொழுப்போட சதையும் சேர்ந்து கரைஞ்சிடும். அதுக்காக மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டா தொப்பை எப்படிங்க குறையும்?”

“நீங்க எழுதினதுக்கு மேல ஒரு முட்டைகூட நான் கேக்குறதில்ல. வீட்ல அவதான் நிறுத்துத் தட்டுல வெக்கிறா.”

“எங்கயோ இடிக்குதே” என்று தலையைச் சொறிந்தார் மாஸ்டர்.

டெய்லர் முகம் வாடிப் போய்க் கிளம்பினார். இந்த வயதில் ஆணழகன் பட்டம் வாங்கவா அவர் ஜிம்முக்கு வருகிறார்?

கடைக்குப் பின்னாலேயே வீடு. அந்த அம்பத்தெட்டு கிலோ, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தன் நைட்டியின் பக்கத் தையலைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி. மாடிப்படியில் உருண்டு விழுந்து கால்கள் துவண்டு எட்டு மாதமாகிறது. கைகள் மட்டும் சும்மா இருப்பதில்லை.

“நல்லாத்தானே இருந்துச்சு, அதை ஏன் பிடிக்கிற?”

“துவைச்சுத் துவைச்சுத் தொளதொளன்னு ஆயிடுச்சுங்க.”

“சாப்பிட்டியா?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஆச்சு. உங்க தட்டு மூடி வெச்சிருக்கேன்.”

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் பாத்ரூமில் அவளைத் தூக்கும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை இரண்டு பேரும் ஈரத்தரையிலேயே கிடந்தார்கள். அன்று அவள் அழுத அழுகை அவர் நெஞ்சை அறுத்தது. மறுநாளே ஜிம்மில் சேர்ந்துவிட்டார்.

அதே வாரம்தான் பிசியோதெரபி பெண்ணும் பிரசவ லீவில் போனாள். “தொடையில சதை ஏறணும்க்கா. ஏறிட்டா வாக்கரைப் பிடிச்சு உங்களை நிக்க வெச்சிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

லீவு முடிந்து இன்று வந்தாள். டெய்லர், மனைவியை நாற்காலியிலிருந்து அள்ளிக் கட்டிலில் உட்கார வைத்தார்.

“பாத்தியாம்மா, ஒரே தூக்கு!”

மனைவி சிரித்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“தொடை அளவு எடுத்துடலாம்க்கா. ஐயோ, டேப்பை மறந்துட்டேனே!”

“டெய்லர் வீட்ல டேப்புக்கா பஞ்சம்?” கழுத்தில் கிடந்ததை உருவி அவரே குனிந்தார். “போன தடவை எவ்வளவு?”

“பதினெட்டரை இஞ்ச்.”

மனைவியின் தொடையைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். எடுத்துவிட்டு மறுபடியும் சுற்றினார். முப்பது வருஷத்தில் யாருக்கும் அவர் இரண்டு தடவை அளந்ததில்லை.

“பதினஞ்சு” என்றார்.

பிசியோதெரபி பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தினம் பயிற்சி பண்ணீங்கதானேக்கா?”

“ஒரு நாள்கூட விடல.”

“அப்போ சாப்பாட்டுலதான் கோளாறு. அரைவயிறும் கால்வயிறுமா பயிற்சி பண்ணா சதைதான் கரையும். பத்து கிலோவாவது போயிருக்கும். இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எப்படிக்கா உங்களை நிக்க வெப்பேன்?”

எதிரே வருகிறவர் சட்டை அளவைக் கண்ணாலேயே சொல்லும் மனுஷர், கூடவே இருப்பவளைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்.

“என் கைதான் பலமாயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்…” என்றார்.

மனைவி போர்வையை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டாள்.

“உங்க இடுப்பு தாங்கணுமேன்னு, என் பங்கையும் உங்க தட்டுலதாங்க வெச்சேன்.”