ஆட்டுத் தடம்

"எழுதி வெச்சுக்கோங்க. அவ எங்கேயாவது ஏமாத்துவா" என்றார் வில்ஃப், பீர்க் கோப்பையைக் கீழே வைத்து.

யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு வாரமாக அந்த மதுக்கடையில் இதே பேச்சுதான்.

ராவன்டேல் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள அத்தனை மலைகளையும் இரவு பகலாக ஓடிக் கடக்க வேண்டும். ஒவ்வொரு உச்சியிலும் இருக்கும் கல் குவியலைத் தொட்டுவிட்டு வர வேண்டும். ஐந்து நாளுக்குள் அதை முடித்தவர் வில்ஃப் ஒருவர்தான். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தச் சாதனையை யாராலும் அசைக்க முடியவில்லை.

இப்போது அதை முறியடிக்கக் கெர்ரி ஓடிக்கொண்டிருந்தாள். உள்ளூர்ப் பள்ளிக்கூட டீச்சர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"உங்க ஓட்டத்துக்கு யாரு சாட்சி, பெரியவரே?" கூடக் குடித்துக்கொண்டிருந்த ஸ்டான் சீண்டினான்.

"மலையில ஓடறவன் தொட்டேன்னா தொட்டான். அதுதான் இந்த ஊர் வழக்கம். வாக்குக்கு மதிப்பு இருந்த காலம்."

"அப்ப கெர்ரி வாக்கையும் நம்பிட்டுப் போக வேண்டியதுதானே?"

"இப்ப காலம் கெட்டுக் கிடக்கு" என்றார் வில்ஃப். தன் வாக்கு மட்டும் கெடாமல் இருப்பதில் அவருக்கு நல்ல திருப்தி.

கடைசி நாள் காலையில் சேதி வந்தது. கெர்ரி எங்கே போகிறாள் என்று காட்டிக்கொண்டிருந்த ட்ராக்கர் கருவி மழையில் செத்துவிட்டது. கூட ஓடியவனுக்கு முழங்கால் போய், அவனும் இறங்கிவிட்டான். இனி அவள் தனி. வில்ஃபின் நேரத்தைவிடக் கொஞ்சம் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தாள்.

வில்ஃப் எழுந்தார். "டோரீன், வண்டிய எடு."

கடைக்காரி டோரீனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. புதிதாக ஓடுகிறவருக்குப் பழைய சாதனைக்காரரே வந்து கைகொடுப்பது அந்த மலைகளில் வழக்கம். வாய் எப்படி இருந்தாலும் மனுஷன் தங்கம் என்று நினைத்தபடி ஃபிளாஸ்க் நிறைய டீ ஊற்றிக்கொண்டாள்.

வில்ஃப் அவளைக் கூட்டிப் போனது கார்ஃபெல் மலையடிவாரத்தில் இருந்த ஒரு பழைய ஆட்டுப்பட்டிக்கு. மலையே பனிமூட்டத்தில் மூழ்கியிருந்தது.

"இங்க எதுக்கு? உச்சிக்கில்ல போகணும்?"

"உச்சிக்குப் போறவளைப் பாத்து என்ன ஆகப்போகுது? போகாதவளைப் பிடிக்கணும்னா இங்கதான் பிடிக்கணும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் புதருக்குப் பின்னால ஒரு ஆட்டுத் தடம் இருக்கு. மலையை இடுப்போட சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் இறங்கிடும். மேல ஏறி இறங்க ஒரு மணி நேரமாவது ஆகும். இதுல போனா கால் மணி."

டோரீனுக்குக் கோபம் வந்தது. கைகொடுக்க வந்ததாக நினைத்தால், கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறார்.

இருவரும் பட்டிச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க, சில அடி தூரத்தில் பனிக்குள்ளிருந்து கெர்ரி வந்தாள். நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத ஒரு தள்ளாட்டம். உச்சிக்குப் போகும் பாதை தொடங்கும் இடத்தில் நின்றாள். தலை மெல்லப் புதர் பக்கம் திரும்பியது.

"பாத்துட்டா" என்று கிசுகிசுத்தார் வில்ஃப். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

கெர்ரி வெகுநேரம் அங்கேயே நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பிறகு கையையும் காலையும் ஊன்றி மலைமேல் ஏறத் தொடங்கினாள்.

"பாதியில திரும்பிருவா. நாம அந்தப் பக்கம் போய் நிப்போம். என் பின்னாலயே வா."

புதரை விலக்கி விறுவிறுவென்று நடந்தார். அங்கே பனி இன்னும் அடர்ந்திருந்தது; டோரீனுக்குத் தன் காலே தெரியவில்லை. "முன்னால ஓடை இருக்கு. வலது பக்கமா தாண்டு, இடது கல்லு வழுக்கும்" என்று அவர் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தண்ணீர்ச் சத்தமே கேட்டது.

மறுபக்கம் போய்க் காத்திருந்தார்கள். வில்ஃப் நினைத்ததுபோல் தடத்தின் வழியாக யாரும் வரவில்லை. வெகுநேரம் கழித்து, உச்சியிலிருந்து கெர்ரி இறங்கி வந்தாள்.

"வில்ஃப்? நீங்களா வந்திருக்கீங்க?" அவள் கண் கலங்கிவிட்டது. டீயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தடத்தைப் பாத்ததும் மனசு ஆடிப்போச்சு. யாருமே இல்ல, போயிடலாம்னு தோணுச்சு. அப்புறம் உங்களைத்தான் நினைச்சேன். நீங்களும் இப்படித் தனியா அங்க நின்னுருப்பீங்க, அந்த மனுஷன் ஏறினார்ல, நாமளும் ஏறுவோம்னு ஏறிட்டேன்."

வில்ஃப் கீழே குனிந்து ஃபிளாஸ்க் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். மூடி டோரீனின் கையில் இருந்தது.

சாயங்காலம் ஓட்டம் முடியும் ஊர் கேட்டுக்குக் கெர்ரி வந்து சேர்ந்தபோது, வில்ஃபின் சாதனை நேரம் தாண்டி அரை மணி ஆகியிருந்தது. யார் ஓடி முடித்தாலும் சாதனைக்காரர்தான் கேட்டைத் திறந்துவிட வேண்டும் என்பதால் வில்ஃப் திறந்தார். கெர்ரி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊரே கைதட்டியது.

"உங்களை அடிச்சுக்க ஆள் பொறக்கல, பெரியவரே" என்று ஸ்டானே ஒத்துக்கொண்டான்.

கூட்டம் கலைந்தது. கேட்டைச் சாத்திக்கொண்டிருந்த வில்ஃபின் பக்கத்தில் டோரீன் வந்து நின்றாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"அந்த ஓடையில எந்தக் கல்லு வழுக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும், வில்ஃப்?"