பாங்கு முடிந்ததும்

ஜாவாவின் லுமாஜாங் ஊரில், கல்யாணப் பந்தலில் டாங்டுட் ஆட்டப்பாட்டு பாதியில் நிற்கிறது. பள்ளிவாசலில் மதியப் பாங்கு தொடங்கியதுமே ஒலியமைப்பாளர் வாகிமான் மிக்ஸரில் எல்லாச் சத்தத்தையும் இறக்கிவிட்டார், ஜெனரேட்டரையும் அணைத்தாயிற்று. ஆளுயர ஸ்பீக்கர்களின் கறுப்புத் துணியில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பாடகி செருப்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் பையிலிருந்து ஐஸ் தேநீரை உறிஞ்சுகிறாள். காலையிலிருந்தே வாகிமானை ஓர் இரைச்சல் படுத்துகிறது. காதோரம் கொசு சுற்றுவதுபோல மெல்லியது. கீபோர்டு வாசிக்கும் ராத்ரியின் வயர்தான் காரணம் என்று எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டி, மூன்று முறை வயரை மாற்றியும் பார்த்துவிட்டார். பாங்கு முடிகிறது. பந்தலே அடங்கிக் கிடக்கிறது. இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

“ராத்ரி, கேக்குதா?”

“என்ன கேக்கணும் அண்ணே? கரன்ட்டே இல்லியே. இப்பவும் என் வயர்தானா?”

பாடகி சிரிக்கிறாள். வாகிமானின் விரல் காது வரை போய், நரைத்த முடியைக் கோதிவிட்டு இறங்குகிறது. ஜெனரேட்டரை ஓட்டச் சொல்லிக் கையசைக்கிறார். அது உறுமத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குப் பதில் சொல்கிறார்.

“வயர்தான். இப்ப சரியாயிடுச்சு.”