மெதுவான ஆக்ஸில்

"இருக்கிறதிலேயே மெதுவா போற ஆக்ஸில் வேணும், மேடம்."

கடைக்காரம்மா துடைத்துக்கொண்டிருந்த பேரிங்கைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

பழைய ஜீப்புகளுக்கு ஆக்ஸிலும் கியர் பெட்டியும் விற்க ஆரம்பித்து இருபது வருஷமாகிறது. மேடு ஏறணும், சேத்துல மாட்டக் கூடாது, பறக்கணும் என்றெல்லாம் கேட்டு வந்திருக்கிறார்கள். ஊர்ந்து போக வேண்டும் என்று வந்த முதல் ஆள் இவர்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாராம்.

"டயர் பெருசா போட்டிருக்கீங்களா?"

"இல்லைங்க. பழைய சின்ன டயர்தான்."

தரையில் உட்கார்ந்து கியர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த அவளுடைய தம்பி களுக்கென்று சிரித்தான். கடைக்கு அவன்தான் மெக்கானிக்.

"சார், நீங்க கேட்கிற ஆக்ஸில் பெரிய டயருக்குன்னே செஞ்சது. சின்ன டயருக்குப் போட்டா, வண்டி நகருதா நிக்குதான்னு ரோட்டுல சாக்பீஸால கோடு போட்டுத்தான் பார்க்கணும்."

"அப்படித்தான் தம்பி எனக்கு வேணும்."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முன்னாடி, பின்னாடி ரெண்டும் ஒரே பல் கணக்கா, ஒரே ரேஷியோவா பார்த்துக் குடுங்க" என்றார் அவர். "மாறிப் போனா ஒண்ணை ஒண்ணு இழுத்து கியர் பெட்டியே உடைஞ்சிரும்."

விவரம் தெரிந்த ஆள்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நாளைக்கு ரோட்டுல நாலு பேர் சிரிப்பாங்க சார். எந்தக் கடையில வாங்கினதுன்னு கேட்பாங்க. என் பேர்தானே கெடும்? தப்பான ஆக்ஸிலைத் தலையில கட்டிட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் என்னை ஒருத்தர் சொன்னதில்லை."

"நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"எதுக்குன்னாவது சொல்லுங்க."

"வீட்டு விஷயம் மேடம்."

அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. பிடித்த பிடியை விடவும் இல்லை. கடைசியில் அவள்தான் அலுத்துப்போய், "மாட்டிக் குடுடா. பட்டாத்தான் தெரியும்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பத்து நாள் கழித்து, ஒரு காலை நேரம். வாடிக்கையாளர் ஒருவரிடம் கியர் பெட்டியைச் சேர்க்க, தம்பி வேன் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து மேட்டுத் தெருவில் போய்க்கொண்டிருந்தாள். பாதி மேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரே ஹாரன் சத்தம்.

"என்னடா?"

தம்பி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "நம்ம கண்ணாடிக்கடை சார்தான் முன்னாடி. ஊர்வலம் நடத்துறார்."

அவளுக்கு வந்ததே கோபம்! வேனை விட்டு இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். நடந்தே ஜீப்பைப் பிடித்தும் விட்டாள். அதைப் பார்க்க அவளுக்கே அவமானமாக இருந்தது.

"சார், அன்னிக்கே படிச்சுப் படிச்சு..."

அவர் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். கண்ணால் முன்பக்கம் காட்டினார்.

ஜீப்புக்குப் பத்தடி முன்னால், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் மேடேறிக்கொண்டிருந்தாள்.

"என் சம்சாரம்" என்றார் கிசுகிசுப்பாக. "கால்ல ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசமாச்சு. நடந்தாத்தான் கால் தேறும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். நடன்னு யாராவது சொன்னாலே எரிஞ்சு விழுவா. மேட்டு மேல அவ அக்கா வீடு. ஜீப்புல கூட்டிட்டுப் போன்னு தினம் நச்சரிப்பு."

"அதுக்கு?"

"வண்டி இப்படி ஊர்ந்தா அவளுக்குப் பொறுமை போயிடும். 'இதுக்கு நான் நடந்தே போயிடுவேன்'னு இறங்கிடுவா. நான் பிரேக்கை மிதிச்சாலோ, வேகத்தைக் குறைக்கிற லோ கியர் லீவரைத் தொட்டாலோ கண்டுபிடிச்சிடுவா. பக்கத்துலயேதானே உட்கார்ந்திருப்பா? வண்டியே இப்படித்தான்னாதான் நம்புவா. முதல் நாள் பத்தடி நடந்தா. இன்னிக்குப் பாதித் தெரு."

இந்த மனிதரையா திட்ட வந்தோம் என்று கடைக்காரம்மாவுக்கு உறுத்தியது.

பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. ஊன்றுகோல்காரி நின்று திரும்பிப் பார்த்தாள். ஜீப்புக்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தி நிற்பதைக் கண்டதும் முகம் சிவந்தது.

"அவரைத் திட்டாதீங்க! அவர் என்ன பண்ணுவார்? புதுசா ஆக்ஸில் போட்டதிலேருந்துதான் வண்டி இப்படிப் படுத்துது. யாரோ ஒரு பாவி அவரை நல்லா ஏமாத்திட்டாங்க. பேரைச் சொல்லுங்க, சண்டை போட்டு மாத்தி வாங்கிட்டு வர்றேன்னா, வாயே திறக்க மாட்டேங்கிறார்."

தெருவே வேடிக்கை பார்த்தது. ஜீப்புக்குள் அவர் கைகூப்பாத குறையாக உட்கார்ந்திருந்தார். வேனிலிருந்து இறங்கி ஓடிவந்த தம்பி, "யாரைப் பார்த்து..." என்று ஆரம்பித்தான். கடைக்காரம்மா அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

பிறகு கடைசி வண்டிக்காரனுக்கும் கேட்கும்படி கணீரென்று சொன்னாள்:

"ஏமாத்தினது நான்தாங்க. தப்பான ஆக்ஸிலைக் குடுத்துட்டேன். மாத்திக் குடுக்க மூணு மாசமாவது ஆகும், அதுவரைக்கும் நீங்க நடந்துதான் போகணும்!"